வால்ப்ரோ 450 பம்ப்: எத்தனால் ஓடும் டர்போ காருக்கு எதுவரை தாங்கும்?

பெட்டியில் உள்ள 450 என்ற எண்தான் இந்த எரிபொருள் பம்ப்பை விற்கிறது. மணிக்கு 450 லிட்டர். எண் சரியானதுதான். ஆனால் அது ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், பம்ப்பின் முனையிலேயே 13.5 வோல்ட் கிடைக்கும்போது வரும் அளவு. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் அழுத்தம் 3 பாரில் நிற்காது. முப்பது வருடப் பழைய வயரில் 13.5 வோல்ட் டேங்க் வரைக்கும் போய்ச் சேராது. ஆகவே இ85 (85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல்) ஊற்றப் போகிறவர், "என் பூஸ்ட்டில், என் வோல்ட்டில் இது எத்தனை லிட்டர் தள்ளும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே மலேசியச் சாலையிலும் செப்பாங் பந்தயத் தடத்திலும் ஓடும் நான்கு சிலிண்டர் டர்போ கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, அதாவது மிட்சுபிஷி எவோ, 4ஜி93 டர்போ எஞ்சின் மாற்றிய புரோட்டான் வீரா, சத்ரியா போன்றவற்றுக்கு, ஒரு 450 தாராளம். இரட்டைப் பம்ப் வேண்டியதில்லை. அதில் மிச்சமாகும் பணத்தை வயரிங், ரெகுலேட்டர் (எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), இன்ஜெக்டர் (எஞ்சினுக்கு எரிபொருளைத் தெளிப்பது) மூன்றுக்கும் செலவழியுங்கள். இ85 போட்ட கார்கள் தடுமாறுவது அங்கேதான்.

முதலில் எந்தப் பம்ப் என்பதில் குழப்பம் வேண்டாம். வால்ப்ரோ பெயரில் விற்கப்படும் இது இப்போது டிஐ நிறுவனத்தின் தயாரிப்பு. எஃப்90000262 என்ற எண்ணுள்ளது 400 லிட்டர், பெட்ரோலுக்கு. எஃப்90000267 என்பது 450 லிட்டர், எத்தனாலுக்கு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கடையில் "அண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால், பெட்டியை நம்பாமல் பம்ப்பின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். இந்தப் பெயரில் போலி பம்ப்புகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைப்பதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பழைய 255 லிட்டர் பம்ப்பை (ஜிஎஸ்எஸ்342) எத்தனாலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்னதே இல்லை. பெட்ரோலை விட எத்தனால் கலவை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். அதனால் பம்ப்புக்குள் நனைந்திருக்கும் செப்புப் பாகங்கள் அரிக்கப்படும். ஆறு மாதம் ஓடியது என்பது அது தாங்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மலேசிய பெட்ரோல் நிலையங்களில் இ85 கிடையாது. ரோன் (ஆக்டேன் எண்) 95, ரோன் 97, சில இடங்களில் ரோன் 100, அவ்வளவுதான். எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் 2008 முதல் இ85 விற்பனைக்கு வந்தது. இங்கே பந்தய எரிபொருள் விற்பவர்களிடம் டிரம்மில் எத்தனால் வாங்கி, ரோன் 97-இல் கலப்பதுதான் நடைமுறை. டிரம்மில் இருப்பது 98 சதவீத எத்தனால் என்றால், 40 லிட்டர் இ85 செய்ய 34.7 லிட்டர் எத்தனாலும் 5.3 லிட்டர் ரோன் 97-ம் வேண்டும். இ40 போதும் என்றால் 16.3 லிட்டர் எத்தனால்.

கலந்ததில் எத்தனால் எவ்வளவு என்பதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. அளவுகோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் கலந்து வைத்த எரிபொருள் 80 மில்லி. நன்றாகக் குலுக்கி, அடுக்குகள் பிரியும் வரை அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடி அடுக்கு 88 மில்லிக் கோட்டில் நின்றால் அதில் 68 மில்லி எத்தனால். 80-இல் 68 என்றால் 85 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் சேரும்போது கொள்ளளவு கொஞ்சம் சுருங்கும் என்பதால் ஓரிரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம். எத்தனால் அளவைக் காட்டும் ஃபிளெக்ஸ் சென்சார் போட்டிருந்தால் இந்த வேலை மிச்சம். கான்டினென்டல் சென்சார் எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் காட்டும்; இ85 என்றால் 135. எண் 150-ஐத் தாண்டி 180 பக்கம் போனால் எரிபொருளில் தண்ணீரோ அழுக்கோ கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

இனி கணக்கு. பெட்ரோலுக்குக் காற்றும் எரிபொருளும் 14.7-க்கு 1, இ85-க்கு ஏறக்குறைய 9.8-க்கு 1. அதே காற்றுக்கு எடையில் ஒன்றரை மடங்கு எரிபொருள் வேண்டும். இ85 சற்று அடர்த்தி கூடியது என்பதால் லிட்டரில் பார்த்தால் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே காற்றில் இக்னிஷனை (தீப்பொறி நேரத்தை) முன்னால் தள்ளி கூடுதல் சக்தி எடுக்க முடிவதால், ஒரு குதிரைத்திறனுக்கு என்று வகுத்தால் வித்தியாசம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். டர்போ எஞ்சின் முழுச்சுமையில் இ85-இல் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 360 கிராம் எரிக்கும், அதாவது 0.46 லிட்டர். கிராங்கில், அதாவது எஞ்சினிலேயே, 400 குதிரைத்திறன் எடுக்க மணிக்கு 185 லிட்டர். சக்தி அளக்கும் டைனோவில் சக்கரத்தில் பார்க்கும் எண் இதைவிடக் குறைவாக இருக்கும். முன்சக்கர வண்டியில் சுமார் 340 காட்டினால் கிராங்கில் 400 என்று வைத்துக்கொள்ளலாம்.

185 லிட்டர்தானே, 255 பம்ப்பே போதுமே என்று தோன்றும். "அண்ணே, 255 போட்டாலே போதும்ல?" என்ற கேள்வியின் பின்னால் இருப்பதும் இந்தக் கழித்தல்தான். அடிப்படை அழுத்தம் 3 பார். பூஸ்ட் 1.5 பார். ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு ஏற்ப ஒன்றுக்கு ஒன்று அழுத்தத்தை உயர்த்துவதால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயில், 4.5 பார். ஃபில்ட்டரிலும் குழாயிலும் 0.3 பார் இழப்பு. ஆக, பம்ப் தள்ள வேண்டியது 4.8 பார் எதிர்ப்புக்கு. அந்த அழுத்தத்தில் 255 பம்ப் தருவது சுமார் 180 லிட்டர். தேவை 185. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும், உச்ச ஆர்பிஎம்மில், பூஸ்ட் முழுதாக நிற்கும் இடத்தில் எரிபொருள் போதாமல் கலவை மெலியும். பிஸ்டன் போவது அந்த இடத்தில்தான். மூன்றாம் கியரில் நன்றாக இருந்த கார் ஐந்தாம் கியரில் நீண்ட இழுவையில் கெட்டுப்போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

அதே 4.8 பாரில் 450 பம்ப்பை 350 லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். அதில் 15 சதவீதத்தை இருப்பாக ஒதுக்கினால் சுமார் 300 லிட்டர், அதாவது கிராங்கில் 600 குதிரைத்திறனுக்கும் கொஞ்சம் மேலே. 400 எடுக்கப் போகிறவருக்கு இது மிகை போலத் தெரிந்தாலும் வீணில்லை: பம்ப் மூச்சு வாங்காமல் ஓடும், வோல்ட் இறங்கினாலும் சமாளிக்கும். ஆனால் பூஸ்ட்டை 2 பாருக்கும் அடிப்படை அழுத்தத்தை 4 பாருக்கும் கொண்டு போனால் ரெயிலில் 6 பார். அங்கே இந்தப் பம்ப்பின் தாராளம் தீர்ந்துவிடும். அந்த அளவுக்குக் கட்டுபவர் தயாரிப்பாளரின் அழுத்த வரைபடத்தை எடுத்து, தன் அழுத்தத்துக்கு நேராக உள்ள எண்ணைப் படித்துவிட்டு இரட்டைப் பம்ப் பற்றி யோசிக்கட்டும்.

அடிப்படை அழுத்தத்தை ஏற்றுவது இன்ஜெக்டருக்காகச் செய்யப்படுவது. இங்கே ஒரு இழுபறி உண்டு, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஐடி (இன்ஜெக்டர் டைனமிக்ஸ்) நிறுவனத்தின் 1050எக்ஸ் இன்ஜெக்டரை எடுத்துக்கொள்வோம். 3 பாரில் நிமிடத்துக்கு 1050 மில்லி. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்று பிடித்துக்கொண்டால், நான்கும் சேர்ந்து மணிக்கு 214 லிட்டர். சுமார் 460 குதிரைத்திறன். அழுத்தத்தை 4 பாராக்கினால் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலப்படி ஏறும், அதாவது 15 சதவீதம். இப்போது 247 லிட்டர், 530 குதிரைத்திறன். இன்ஜெக்டர் மாற்றாமல் 70 குதிரைத்திறன் கிடைத்தது போலிருக்கும். ஆனால் அந்த ஒரு பாரைப் பம்ப்தான் சுமக்க வேண்டும். இன்ஜெக்டரில் கூடியது பம்ப்பில் குறையும். 255 பம்ப் இருக்கும் காரில் இன்ஜெக்டர் போதவில்லை என்று ரெகுலேட்டரைத் திருகி ஏற்றுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. முன்பு இருந்ததை விடக் குறைவாகவே ரெயிலுக்கு வந்து சேரும். 450-க்கு அந்த இடம் இருக்கிறது. இந்தப் பம்ப்பை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

85 சதவீதம் ஏன்? 7500 ஆர்பிஎம்மில் எஞ்சின் ஒரு முழுச் சுற்றை, அதாவது இரண்டு கிராங்க் சுழற்சியை, முடிக்க 16 மில்லிசெகண்ட் எடுக்கும். அதில் 85 சதவீதம் 13.6. மீதியுள்ள நேரத்தில் ஊசி மூடி, மறுபடி திறக்கத் தயாராக வேண்டும். அதையும் நெருக்கினால் இன்ஜெக்டர் மூடாமலே நின்றுவிடும். அதன்பின் இசியூ (எஞ்சினின் கணினி) எத்தனை மில்லிசெகண்ட் கேட்டாலும் ஒரு துளி கூடாது. எவோவின் 4ஜி63 எஞ்சினில் இன்னொன்று: அதன் அசல் இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை உள்ளவை, தனியாக ஒரு ரெசிஸ்டர் பெட்டி வழியாக ஓடுபவை. ஐடி இன்ஜெக்டர்கள் உயர்ந்த மின்தடை. பெட்டியைக் கழற்றி நேராக இணைக்காவிட்டால் ஊசி சோம்பலாகத் திறக்கும். டியூன் எவ்வளவு திருத்தினாலும் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் ஓடும்போது) குலுங்கும்.

பெயரில்லாத "1000 சிசி" இன்ஜெக்டர்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. அவற்றை எத்தனால் காரில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்கும் ஒரே அளவு ஊற்றுவதில்லை. வோல்ட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற திறப்புத் தாமத அட்டவணை வருவதில்லை. உட்பாகம் எத்தனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். ஐடி தரும் அட்டவணையை அப்படியே இசியூவில் ஏற்றினால் டியூனருக்கு அரை நாள் வேலை மிச்சமாகும். டைனோ வாடகையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

வயரிங்குக்கு வருவோம். முழு அழுத்தத்தில் இந்தப் பம்ப் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய காரின் 1.25 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் ஓடினால், 16 ஆம்பியரில் அந்த வயரில் மட்டும் 1.2 வோல்ட் போய்விடும். பழைய ரிலே, கனெக்டர், பூமி இணைப்பு என்று இன்னும் கொஞ்சம். ஆல்டர்னேட்டரில் 14 இருந்தும் பம்ப்பில் 12-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு கால் வோல்ட். பேட்டரியிலிருந்து நேராக 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், டேங்க் அருகில் 40 ஆம்பியர் ரிலே. பழைய பம்ப் வயரை ரிலேயின் தூண்டுதலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அப்போதுதான் எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். பூமி வயரையும் அதே தடிமனில், பெயிண்ட் சுரண்டிய பாடியில் முறுக்குங்கள். வேலை முடிந்ததும் பம்ப் பிளக்கிலேயே மீட்டர் வைத்து, எஞ்சின் ஓடும்போது 13.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் அளந்து திருப்தி அடையும் போமன்கள் (மெக்கானிக்குகள்) நிறைய இருக்கிறார்கள், அந்த எண் இங்கே எதையும் சொல்லாது.

பொருத்துவதில் முதல் சிக்கல் பம்ப்பின் உருவம். மேல்பகுதி 39 மில்லிமீட்டர், அடிப்பகுதி 50. 255 உட்கார்ந்திருந்த பிடியில் இது உட்காராது. டேங்குக்குள் பம்ப்பைத் தாங்கும் ஹேங்கரை வெட்டியோ மாற்றியோ ஆக வேண்டும். வெட்ட மனமில்லாதவருக்கு ஏஇஎம் 320-இன் எத்தனால் வகை நல்ல மாற்று: 255-இன் இடத்திலேயே போகும், 4.8 பாரில் 250 லிட்டர் என்று கணக்கிட்டாலும் இருப்பு ஒதுக்கிய பின் 450 குதிரைத்திறனுக்குப் போதும். அதற்கு மேல் போகும் எண்ணமே இல்லாத சத்ரியாக்காரருக்கு அதையே சொல்வேன்.

டேங்குக்குள் மூழ்கி இருக்கும் குழாய் எஸ்ஏஇ 30ஆர்10 தரத்தில் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண எரிபொருள் குழாய் வெளிப்புறத்தில் எரிபொருள் படாத இடத்துக்கானது; எரிபொருளில் மூழ்கினால் வெளித்தோல் ஊறி, கிளிப் நழுவி, அழுத்தம் டேங்குக்குள்ளேயே கசியும். வெளியே எஞ்சின் வரை டெஃப்லான் உட்பூச்சுள்ள பின்னல் குழாய். பம்ப்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் ஃபில்ட்டர். காகிதத் தாள் உள்ளதை வாங்காதீர்கள், ஈரத்தோடு வரும் எத்தனாலில் அது ஊதிக்கொள்ளும். பல வருடம் பெட்ரோல் கண்ட டேங்க்கின் படிவை எத்தனால் கழுவி இறக்கும் என்பதால், முதல் இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் ஃபில்ட்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ரெகுலேட்டரை மாற்றாமல் 450 போட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஐடிலில் எஞ்சின் குடிப்பது மணிக்கு ஓரிரு லிட்டர். மற்றது முழுதும் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்குப் போக வேண்டும். அசல் ரெகுலேட்டரும் மெல்லிய திரும்பு குழாயும் அவ்வளவை விடாது. ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிப் பார்த்தால், 3 பாரில் நிற்க வேண்டிய அழுத்தம் 3.5, 3.6 என்று ஏறி நிற்கும், திருகினாலும் இறங்காது. ஐடிலில் பெட்ரோல் வாடை, கறுத்த பிளக். தீர்வு பெரிய ரெகுலேட்டர், குறைந்தது 8 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் திரும்பு குழாய். இன்னொரு விளைவு வெப்பம். 40 லிட்டர் டேங்க்கை இந்தப் பம்ப் ஒரு மணி நேரத்தில் பத்து முறை சுற்றி விடும், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். மாலை நேர ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கால் டேங்க்கோடு நின்றால் பம்ப் ஊளையிடுவது அதனால்தான். பம்ப்பின் வேகத்தைக் குறைத்து ஓட்டும் கண்ட்ரோலர் போடலாம். போடாதவர் அரை டேங்க்குக்குக் கீழே விடாமல் இருப்பது எளிய வழி. செப்பாங்கின் 5, 6-ஆம் வளைவுகள் போன்ற நீண்ட வேக வளைவுகளில் எரிபொருள் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும் என்பதால், தடத்துக்குப் போகும் காருக்கு 2 லிட்டர் சர்ஜ் டேங்க் (எப்போதும் நிறைந்தே இருக்கும் சிறு இடைத் தொட்டி) வேண்டும். அதற்கு எந்தப் பெரிய பம்ப்பும் பதிலாகாது.

ரெயிலில் 0 முதல் 10 பார் வரை அளக்கும் சென்சார் ஒன்று கட்டாயம். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் எப்போதும் 3 பார் வர வேண்டும். லாகில் அது 0.3 பாருக்கு மேல் இறங்கினால் இசியூ எஞ்சினை வெட்டும்படி அமையுங்கள். காற்று-எரிபொருள் கலவையை அளக்கும் லாம்ப்டா மீட்டர், கலவை மெலிந்துவிட்டது என்று காட்டும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். அழுத்தம் அதற்கு முன்பே சொல்லிவிடும். மீட்டரை லாம்ப்டாவிலேயே படியுங்கள், 14.7 கணக்கு மீட்டரில் எத்தனாலுக்கு எதுவும் புரியாது.

குளிர்ந்த எஞ்சின் கிளம்பாமல் படுத்தும் தொல்லை நம் ஊரில் இல்லை; விடியற்காலை 24 டிகிரிக்கு இ85 தடையில்லாமல் பற்றும். இங்கே எதிரி ஈரப்பதம். வாரக்கணக்கில் நிறுத்தப் போகும் காரில் எத்தனாலை வைத்திருக்காதீர்கள். டேங்க்கைக் காலியாக்கி, ரோன் 97 ஊற்றி, ரெயிலும் இன்ஜெக்டரும் கழுவப்படும் வரை சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டிரம்மின் மூடியையும் பாதி திறந்து வைக்காதீர்கள்.

கடைசியாக, கோல்ஃப் ஜிடிஐ, சிவிக் 1.5 டர்போ போன்ற, சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் கார்களுக்கு. மேலே சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது. கேம் தள்ளி ஓட்டும் உயர் அழுத்த பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் தரக்கூடிய உச்ச அளவு நிலையானது. டேங்கில் 450 போட்டால் அதற்கு வயிறு நிறையத் தீனி கிடைக்கும், ஆனால் அது தள்ளும் உச்ச அளவு அதிகரிக்காது. 6500 ஆர்பிஎம்மில் போர்ட் இன்ஜெக்டருக்கு (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் தெளிப்பது) 18 மில்லிசெகண்ட் இருக்கும் இடத்தில், நேரடி இன்ஜெக்டருக்கு உள்ளிழுக்கும் நேரத்தையும் அழுத்தும் நேரத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து 5, 6 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் இ85-ஐ முழுதாக ஊற்ற அசல் பம்ப்பாலும் இன்ஜெக்டராலும் முடியாது. லாகில் உயர் அழுத்த ரெயிலின் எண் இலக்கை விட்டு இறங்கத் தொடங்கும் இடம்தான் அந்தக் காரின் எல்லை, அசல் பாகங்களில் அது வழக்கமாக இ30-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் உயர் அழுத்த பம்ப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் போர்ட் இன்ஜெக்டர்களைக் கூடுதலாகப் பொருத்துங்கள். அதன் பிறகு வாங்குங்கள் 450-ஐ.